கொல்லங்கோடு போன ஸ்கூட்டர்

நர்மதாவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது தொழில் அல்ல. பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் வருகிற பாலை அளந்து வாங்கி, கொழுப்பு பார்ப்பதுதான் அவள் வேலை. காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில், கேட்டு வந்த பெண்களுக்கெல்லாம் தன் ஸ்கூட்டரைக் கொடுத்துப் பழக்கினாள். மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் அவள் குரல் கேட்டால், இன்றைக்கு யாரோ புதிதாக ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவளிடம் பழகியவர்களில் வயதில் மூத்தவள் மருதாத்தாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். ஐம்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று ஒருநாள் வந்து, "எனக்கும் சொல்லிக் குடு அம்மிணி" என்றாள்.

"அக்கா, கையப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க!" என்று நர்மதா பின்னால் ஓடிக்கொண்டே கத்துவாள்.

"நா மூணு மாட்ட ஒரே கைல புடிச்சவ. இது முட்டாதுல்ல, அது போதும்" என்று மருதாத்தாள் முன்னாலிருந்து கத்துவாள். பதினைந்தே நாளில் ஓட்டிவிட்டாள். நர்மதா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் அது. சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள். பால் ஊற்ற வந்தவர்கள் தண்ணீர் கலந்திருந்தால் அதையும் சத்தமாகவே சொல்லுவாள்.

அவள் கணவன் ஷிஜு வாளையார்ப் பக்கத்துக்காரன். பெயர்தான் மலையாளம், வீட்டில் பேச்செல்லாம் தமிழ். வாளையாரில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கடை வைத்து, லாரிகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். லாரி எங்கே நிற்கிறது, எத்தனை நேரம் நிற்கிறது என்று முதலாளி வீட்டிலிருந்தபடியே போனில் பார்க்கலாம். டிரைவர்களுக்கு அவனைப் பிடிக்காது, முதலாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மெதுவாகப் பேசுகிற மனிதன். குடிக்க மாட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் கை ஓங்கியதில்லை. பக்கத்து வீடுகளில் கேட்கும் சத்தத்தையெல்லாம் கேட்டுவிட்டு, தனக்கு வாய்த்தது பரவாயில்லை என்று நர்மதா நினைத்துக்கொள்வாள். அவள் புது போன் வாங்கியபோது அதைத் தயார் செய்து கொடுத்ததும் ஷிஜுதான். "பாஸ்வேர்டெல்லாம் நா பாத்துக்கறேன். உனக்கெதுக்கு அந்தத் தலவலி?" என்றான். அவளுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, "சித்தூர்ல இன்னிக்குக் கூட்டமா?" என்று கேட்டான்.

அன்று மதியம் அவள் சித்தூர் போயிருந்தது உண்மை. மகள் வைகாவுக்குச் செருப்பு வாங்கப் போனாள். அவனிடம் சொல்லியிருக்கவில்லை, சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமாகவும் தோன்றவில்லை.

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"ஊருக்குள்ள எனக்கு ஆளு இருக்குது" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

பிறகு அது அடிக்கடி நடந்தது. மைதானத்திலிருந்து கிளம்பத் தாமதமானால், "இன்னிக்கு யாரு, ரொம்ப நேரம் பழக்குன?" என்பான். புதுநகரம் வழியாகச் சுற்றி வந்தால், "அந்த வழியில என்ன?" என்பான். கோபமாகக் கேட்க மாட்டான். பதில் சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பான். ஆனால் பதில் சொல்லி முடிக்கும் வரை அவன் கை சோற்றைப் பிசையாது.

யார் சொல்லுகிறார்கள்? நர்மதா யோசித்தாள். சொசைட்டி செக்ரட்டரியா? எதிர்வீட்டுக்காரரா? ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொருவரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு நெருங்கிய தோழி ஜின்சி. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக இருந்தவர்கள். கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தாள். ஜின்சியின் நாத்தனார் கல்யாணத்துக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பொள்ளாச்சி போய்வந்தார்கள். வேறு யாருக்கும் தெரியாது. வழியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அன்று இரவு ஷிஜு கேட்டான்: "பொள்ளாச்சில வெயில் எப்படி?"

மறுநாள் காலை நர்மதா நேராக ஜின்சியின் கடைக்குப் போனாள்.

"என்ற ஊட்டுக்காரருகிட்ட நீ என்னடி சொன்ன?"

"நா எதுக்குடி அவருகிட்டப் பேசறேன்? அவரு நம்பரே எங்கிட்ட இல்ல."

"பொள்ளாச்சி போனது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நா சொல்லலங்கறேன்."

"அப்ப வண்டியா சொல்லுச்சு?" என்று கத்தினாள் நர்மதா. கடையில் துணி கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஜின்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

வீட்டில் வந்து அழுதுகொண்டே சொன்னபோது ஷிஜு முழுவதையும் கேட்டான். பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும். அவ சரியில்ல. விட்டுரு" என்றான். விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளே முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். சொசைட்டியிலிருந்து கிளம்பும்போது "கிளம்பிட்டேன்" என்று ஒரு மெசேஜ். கடையில் நின்றால் அங்கிருந்து ஒரு போட்டோ. அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வராது, சோறு ஆறாது. வண்டி பழக்குவதை விட்டாள். "கிரவுண்டுல எத்தன பேரு பாக்கறாங்க" என்று அவன் ஒருமுறை சொன்னதே போதுமாக இருந்தது. பால் வாங்கும் இடத்திலும் அவள் குரல் இறங்கிவிட்டது. ஊரில் இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. புள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்றார்கள்.

இப்படியே இரண்டு வருஷம் போனது.

ஒரு நாள் காலைப் பால் முடிந்ததும் மருதாத்தாள் வேகமாக வந்தாள். கொல்லங்கோட்டில் ஒரு சினை மாடு விலைக்கு வந்திருக்கிறது, தரகர் காத்திருக்கிறார், பஸ் போய்விட்டது.

"சித்த வண்டியக் குடு அம்மிணி. சாயங்காலப் பாலுக்குள்ள வந்தர்றேன்."

ஷிஜுவிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாமா என்று நர்மதாவுக்கு ஒரு நொடி தோன்றியது. மருதாத்தாள் அதற்குள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, சாவிக்குக் கையை நீட்டிவிட்டாள். கொடுத்தாள்.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. சொசைட்டியில் கேன்களைக் கழுவி, பால் சோதிக்கிற குழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். உச்சிவேளைக்கு முன்னால் போன் அடித்தது. ஷிஜு.

"எங்கிருக்கற?"

"சொசைட்டிலதானுங்க."

மெதுவாகக் கேட்டான், "சொசைட்டிலயா?"

"ஆமாங்க."

"நர்மதா, பொய் பேசாத. கொல்லங்கோட்டுல உனக்கென்ன வேல?"

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. வண்டியை மருதக்கா எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்ற பதில் நாக்கு வரை வந்துவிட்டது. அங்கேயே அதை நிறுத்தினாள். கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தாள்.

கொல்லங்கோட்டில் இருப்பது அவள் அல்ல. அவளுடைய ஸ்கூட்டர். யாரோ அவளைப் பார்த்துச் சொல்லியிருந்தால், மருதாத்தாளை அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

"மாடு பாக்க வந்தனுங்க. மருதக்காகோட. நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள்.

"சொல்லிட்டுப் போறதுக்கென்ன?" அவன் குரல் உடனே தணிந்துவிட்டது. "வெயில்ல பாத்து வா."

போனை வைத்த பிறகு நர்மதா கேன்மேல் உட்கார்ந்தாள். பல வருஷங்களில் முதல் தடவையாக, அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதில் ஒரு தெம்பு இருந்தது. அடுத்த நொடியே ஜின்சியின் முகம் நினைவுக்கு வந்தது. அப்ப வண்டியா சொல்லுச்சு என்று கடைக்கு நடுவே நின்று கத்தியது நினைவுக்கு வந்தது. சொசைட்டியில் வேறு ஆள் இல்லாததால் வாய்விட்டே அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு மிச்சக் குழாய்களையும் கழுவினாள்.

மருதாத்தாள் சாயங்காலம் வந்து சாவியைக் கொடுத்தாள். "மாடு ஆகாது அம்மிணி. காம்பு ஒண்ணு அடச்சுக் கெடக்குது. மறச்சு விக்கப் பாக்கறான்."

"அங்க உங்களத் தெரிஞ்சவங்க ஆராச்சும் பாத்தாங்களாக்கா?"

"என்னைய அங்க ஆருக்குத் தெரியும்? ஹெல்மெட்டுகூடக் கழட்டல."

மறு வாரம் பிரேக் சரிபார்க்க வேண்டும் என்று ஷிஜுவிடம் சொல்லிவிட்டே ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மெக்கானிக் ஏசுரத்தினம் இடுக்கி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, பெண் எடுத்த ஊர் என்று இங்கே வந்து தங்கியவர். அவள் சொன்னபடி சீட்டைக் கழற்றி, பேட்டரிப் பக்கம் இருந்த ஒயர்களை விலக்கிப் பார்த்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி டேப் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"யக்கா, இங்கன பாருங்க. இது லாரிக்கு மாட்டுறது. உங்க வண்டியில எதுக்கு மாட்டியிருக்காக?" கேட்டுக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். ஷிஜுவின் கடை என்ன கடை என்று அவருக்கும் தெரியும். "புடுங்கிரவா?"

"வேண்டாங்கண்ணா. இருந்தபடியே இருக்கட்டும். உங்க போன்ல ஒரு போட்டோ மட்டும் எடுத்து வெச்சுக்கோங்க. எனக்கு அனுப்பாதீங்க."

ஏசுரத்தினம் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்தார்.

வண்டியைப் பற்றித் தெரிந்துவிட்டது. அடுத்தது போன். இதை அவளே சோதித்துப் பார்த்தாள். ஒரு மதியம் மருதாத்தாளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "இடது காது ரெண்டு நாளா வலிக்குது. ஆருகிட்டயும் சொல்ல வேண்டாங்க்கா." காதில் ஒரு வலியும் இல்லை.

அன்று ஷிஜு வரும்போது மருந்துக்கடைக் கவர் ஒன்று கொண்டுவந்தான். உள்ளே காதுக்கு விடும் சொட்டு மருந்து.

"காது வலிக்குதுல்ல? சாய்ஞ்சுக்கோ. ரண்டு சொட்டு விடறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியுங்க?"

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தான்.

அவள் அவன் மடியில் தலை சாய்த்தாள். நல்ல காதுக்குள் மருந்து சில்லென்று இறங்கியது. அவன் கை பக்குவமாகத் தலையைப் பிடித்திருந்தது, பஞ்சு வைத்து மெதுவாகத் துடைத்தது. அந்த அன்பு பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவன் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒரே மனிதன். அவளைப் பயமுறுத்தியது அதுதான். அவன் அடிக்கிறவனாக இருந்தால் எப்போதோ புரிந்திருக்கும்.

ஜின்சியைப் பார்க்கப் போனபோது ஸ்கூட்டரைச் சொசைட்டி வேப்பமரத்தடியிலும், போனை மேசை டிராயருக்குள்ளும் விட்டுவிட்டு, நடந்தே போனாள். ஜின்சி மேசைமேல் துணி விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஜின்சி, நா உன்னையத் தப்பா நெனச்சுட்டேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

நர்மதா எல்லாவற்றையும் சொன்னாள். கொல்லங்கோடு, பெட்டி, காது மருந்து. ஜின்சி கேட்கக் கேட்க வெட்டுவதை நிறுத்திவிட்டாள். முடிவில், "ரண்டு வருஷம்டி. எங்கம்மா செத்ததுக்குக்கூட நீ வர்ல" என்றாள்.

"வந்தேன். பொதச்ச அன்னிக்கு செமித்தேரி கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ள வர மூஞ்சியில்ல."

ஜின்சி எழுந்துபோய் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் வாயால் சொல்லவில்லை. டீயைக் குடித்தபடி, சித்தூரில் பெண்களுக்காக வாராவாரம் வந்து உட்காரும் கவுன்சலர் ஒருத்தி இருக்கிறாள், என் மச்சாள் போயிருக்கிறாள், நாளைக்கே போகலாம் என்றாள்.

மறுநாள் வண்டியும் போனும் சொசைட்டியில் இருக்க, நர்மதா பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் கை தன்னால் மடியில் போனைத் தேடியது. பாதி தூரம் போன பிறகுதான், இந்த நிமிஷம் தான் எங்கே இருக்கிறோம் என்பது ஜின்சியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று உறைத்தது. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு அவற்றை யாருக்கும் கணக்குச் சொல்லாமல் பார்த்துக்கொண்டு போனாள். ஜின்சியிடம் சத்தமாக ஏதோ சொல்லிச் சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கவுன்சலர் பெயர் கிருஷ்ணப்ரியா. கல்பாத்திக்காரி, சின்ன வயது. முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவரு என்னைய ஒரு அடி அடிச்சதில்லீங்க. ஒரு கெட்ட வார்த்த பேசுனதில்ல. இத என்னன்னு சொல்லிப் புகார் பண்றதுன்னு தெரீல" என்றாள் நர்மதா.

"ஒரு எடத்துக்குக் கெளம்பறச்சே உங்க மனசில மொதல்ல என்ன வர்றது?"

"அவருகிட்ட என்ன சொல்றதுங்கறதுதானுங்க."

"போற காரியம் வரல்லை, இல்லையா?"

"வர்றதில்லீங்க" என்றாள் நர்மதா.

"இதுவும் உபத்ரவமாக்கும். கை ஓங்கினாத்தான்னு இல்லை. உங்களைக் கேக்காம வண்டியில வெச்சது, போனைப் படிக்கறது, உங்க சினேகிதியைப் பிரிஞ்சு போக விட்டது, எல்லாம் சேர்ந்து ஒண்ணுதான். கோர்ட்டில சொல்ல முடியும்." பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து சொன்னாள்: "ஆனா அவசரப்பட்டு அதை எடுத்துப் போட்டுடாதீங்கோ. எடுத்த உடனே அவருக்குத் தெரிஞ்சுடும். அப்போ என்ன பண்ணுவார்னு நமக்குத் தெரியாது. எங்கே தங்கப்போறேள், குழந்தைக்கு ஸ்கூல் எப்படி, யார் கூட இருப்பா, எல்லாம் மொதல்ல ஆகட்டும். அவருக்கு எப்போ தெரியணுங்கறதை நீங்க தீர்மானிச்சாப் போறும்."

நர்மதா தீர்மானித்தாள். வைகாவுக்கு முழுப்பரீட்சை முடியும் வரை காத்திருந்தாள். அதுவரை வழக்கம்போல "கிளம்பிட்டேன்" என்று அனுப்பினாள், வழக்கம்போல போட்டோ அனுப்பினாள். ஜின்சியின் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டை வாடகைக்குப் பேசினார்கள். துணிமணிகள் தைக்கக் கொடுப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்குப் போயின. ஜின்சியின் பெயரில் ஒரு புது நம்பரும் பழைய போன் ஒன்றும் தயாராயின. மகளிடம் மட்டும் கடைசி நாள்தான் சொன்னாள். வைகாவுக்கு அப்போது பதினொரு வயது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பாவ அப்பறம் பாக்கலாமா?"

"பாக்கலாம் கண்ணு. அதுல மாத்தமில்ல."

அந்த நாள் காலையில் ஏசுரத்தினம் பெட்டியைக் கழற்றினார். கழற்றிய பிறகும் சில மணி நேரம் அது தன் சொந்த பேட்டரியில் ஓடும் என்றார். நர்மதாவும் ஜின்சியும் அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கிருஷ்ணப்ரியா முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். பெண் எஸ்.ஐ. ஒருவர் பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்து, புகாரை எழுதி வாங்கத் தொடங்கினார். தமிழில் கேட்டு மலையாளத்தில் எழுதினார்.

புகார் பாதியில் இருக்கும்போதே வெளியே பைக் வந்து நின்றது. ஷிஜு வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை அவன் கவனிக்கவில்லை. நேராக மேசைக்கு வந்தான்.

"மேடம், என்ற சம்சாரத்துக்கு ஆக்சிடென்ட்டா? ஸ்கூட்டர் இங்க நிக்குது."

"இங்கே ஸ்கூட்டர் ஒண்ணும் இல்லையே" என்றார் எஸ்.ஐ. "இங்கே நிக்குதுன்னு யாரு சொன்னா?"

ஷிஜு வாய் திறந்தான். அப்போதுதான் மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். அது அவன் கையால் டேப் சுற்றிய பெட்டி. பிறகு திரும்பி நர்மதாவைப் பார்த்தான்.

"உன்ற பாதுகாப்புக்குத்தான் வெச்சேன்" என்றான். அவன் குரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. "ரோட்டுல என்ன வேணாலும் நடக்கும். நா எத்தன லாரி ஆக்சிடென்ட் பாத்தவன்."

"பாதுகாப்புக்குன்னா எங்கிட்டச் சொல்லிட்டு வெச்சிருப்பீங்க."

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"ஒத்துக்க மாட்டேன். அதுக்குத்தான் சொல்லல நீங்க." அவள் எழுந்து நின்றாள். "பெட்டி வெச்சதக்கூட விடுங்க. ஜின்சிதான் சொல்றான்னு நெனச்சு நா அவகிட்டச் சண்டைக்குப் போனேன். ஊட்டுக்கு வந்து உங்ககிட்டத்தான் அழுதேன். அவ சொல்லலன்னு இந்த ஒலகத்துலயே உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். அவ சரியில்லன்னு சொன்னீங்களே, எப்படீங்க சொன்னீங்க?"

ஷிஜு ஜின்சியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "வா, ஊட்டுல போயிப் பேசிக்கலாம். எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

"பாக்கட்டுங்க. நீங்க ஒருத்தரு பாத்ததுக்கு இது தேவல."

அவள் குரல் ஸ்டேஷன் வாசல் வரை கேட்டது. எஸ்.ஐ. அவனை உட்காரச் சொன்னார்.

அவள் இருக்கும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் அவன் வரக்கூடாது, எந்தக் கருவியாலும் பின்தொடரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு கிடைத்தது. கிடைப்பதற்குள் பலமுறை நடக்க வேண்டியிருந்தது. ஷிஜுவின் ஆட்கள் ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். அவளுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள், அதனால்தான் கண்காணிப்பு அவளுக்குக் கசக்கிறது என்றார்கள். சிலர் நம்பினார்கள். பால் ஊற்ற வந்தவர்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கேனை நீட்டினாள். நர்மதா வாங்கி அளந்து பார்த்து, "தண்ணி கூடிருச்சுங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வரிசையில் நின்ற மருதாத்தாள் வெடித்துச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வைகா பெரியப்பா வீட்டுக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவாள். ஷிஜு மகளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தனுப்பியபோது, நர்மதா அதை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவனைப் பற்றி மகளிடம் தவறாகப் பேசியதில்லை. சில நாட்களில் அவனை நினைத்துக்கொள்ளவும் செய்தாள். தலைவலித்தால் கேட்காமலே தைலம் கொண்டுவந்து வைப்பவன். பழக்கமும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. சொசைட்டியைப் பூட்டும்போது கை போனை எடுத்து "கிளம்பிட்" வரை அடித்துவிடும். யாருக்கு என்று யோசித்து அழிப்பாள். மைதானத்துக்குத் திரும்பப் போக ஆரம்பித்த பிறகு அதுவும் மெல்லக் குறைந்தது. முதலில் வந்து ஏறியவள் ஜின்சி. இத்தனை வருஷத் தோழிக்கு வண்டி ஓட்டத் தெரியாமல் இருந்தது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

இப்போது வைகா ஒன்பதாவது படிக்கிறாள். சாயங்காலம் சித்தூரில் டியூஷன், பஸ்ஸில் போய் வருகிறாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் பாலத்தின்மேல் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. வைகாவின் போனில் சார்ஜ் இல்லை. அவள் வந்துசேரும் வரை நர்மதா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"அவ போன்ல லொகேஷன் போட்டு வெச்சா என்ன?" என்றாள் ஜின்சி. "இப்ப எல்லாரும் போடறாங்க. நீ ஊட்டுல இருந்தே பாத்துக்கலாம்."

மறுநாள் வைகா குளித்துக்கொண்டிருந்தபோது போன் மேசைமேல் சார்ஜில் கிடந்தது. பூட்டைத் திறக்கும் கோலம் நர்மதாவுக்குத் தெரியும், மகள் மறைத்ததில்லை. கையில் எடுத்தாள். ஒரு நிமிஷ வேலைதான். வைகாவுக்குத் தெரியவே தெரியாது. முந்தின நாள் பயம் இன்னும் போகவில்லை. போனைப் பிடித்தபடி நின்றாள். ஷிஜுவும் முதன்முதலில் இப்படித்தான், இதே போலப் பயந்துபோய், நல்லதுக்கென்று நினைத்துத்தான் ஒயரை இணைத்திருப்பானோ என்று தோன்றியது. அப்படி நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. போனை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "கண்ணு, நீ வர்ற வழி எனக்குத் தெரியற மாதிரி போன்ல போட்டுக்கலாமா?"

வைகா நிமிர்ந்தாள். "அப்பா மாதிரியா?"

"அதனாலதான் கேக்கறேன். வேண்டாம்னா வேண்டாம்."

வைகா தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். "டியூஷன் நாள்ல, பஸ்ஸுல ஏறினா நானே போடறேன். ஊட்டுக்கு வந்தா எடுத்துருவேன். நீயும் எனக்குப் போடணும்."

"நா எதுக்கு? நா சொசைட்டிலதான இருக்கறேன்."

"பால் வண்டியோட பாலக்காடு போறீல்ல? அப்பப் போடு. எனக்குப் பயமிருக்காதா?"

நர்மதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றாள்.

முதல் வாரம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது வாரம் வியாழக்கிழமை வைகா போட மறந்துவிட்டாள். நர்மதா போனை எடுத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கூப்பிடலாமா என்று நினைத்து, பஸ்ஸில் சத்தத்தில் கேட்காது என்று விட்டாள். ரோட்டோரம் போய் நின்றாள். சித்தூர் பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கடைசியாக வைகா பையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். அம்மாவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போட மறந்துட்டம்மா. பயந்துட்டியா?"

"ஆமா, கொஞ்சம்."

"எதுக்கு போன் பண்ணல?"

"நீ எப்படியும் வந்துருவீன்னு தெரியும்" என்றாள் நர்மதா. பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, டியூஷனில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.